கேபிள் அறுந்தால் வால்வு என்ன செய்யும்? ஆலைகளில் ரிமோட் ஐ.ஓ. இணைப்பு

செம்பனை எண்ணெய் ஆலைக்குள் ஒருமுறை நடந்தவர்களுக்குத் தெரியும், எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதில்லை. குலைகளை இறக்கும் மேடை ஒரு கோடியில், அவற்றை நீராவியில் வேகவைக்கும் ஸ்டெரிலைசர் ஒரு பக்கம், பாய்லர் இன்னொரு பக்கம், எண்ணெய்த் தொட்டிகள் அதற்கும் அப்பால். பல ஆலைகளில் இவற்றை இயக்குவது, கட்டுப்பாட்டு அறையில் உள்ள பி.எல்.சி. (தமிழில் 'நிரல்வழிக் கட்டுப்படுத்தி' என்று எழுதலாம். ஆலையில் அப்படிச் சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.)

ஒவ்வொரு சென்சாருக்கும் வால்வுக்கும் அந்த அறையிலிருந்து தனித்தனி வயர் இழுப்பது பழைய முறை. இப்போது பாய்லருக்குப் பக்கத்திலேயே ஒரு சிறிய பெட்டியை வைக்கிறார்கள். அருகிலுள்ள வயர்கள் எல்லாம் அதில் வந்து சேரும். அங்கிருந்து பி.எல்.சி.க்கு ஒரே ஒரு கேபிள் போகும். அந்தப் பெட்டிதான் ரிமோட் ஐ.ஓ. அது தானாக முடிவு எடுக்காது. சென்சார் சொல்வதைப் பி.எல்.சி.க்கு அனுப்பும், பி.எல்.சி. சொல்வதை வால்வுக்குச் சொல்லும்.

இரண்டுக்கும் பொதுவான ஒரு மொழி வேண்டும். 1979-இல் வந்த மோட்பஸ் இன்றும் பரவலாகப் புழங்குகிறது. ஆர்.எஸ்.485 கேபிளில் குறைந்த வேகத்தில் சுமார் 1,200 மீட்டர் வரை அது போகும். பெட்டிகளை ஒன்றிலிருந்து அடுத்ததற்கு வரிசையாகக் கோர்க்க வேண்டும், மரக்கிளைபோல் பிரிக்கக்கூடாது. வரிசையின் இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடை தேவை. ஈதர்நெட் செப்புக் கேபிள் என்றால் 100 மீட்டர்தான் எல்லை, அதைத் தாண்டினால் இடையில் சுவிட்ச் அல்லது ஃபைபர். மோட்டார் வேகத்தை மாற்றும் இன்வெர்ட்டரின் மின்கேபிளோடு இதைச் சேர்த்துக் கட்டினால், காரணம் தெரியாமல் அடிக்கடி தொடர்பு விட்டுப்போகும்.

முகவரியிலும் கவனம் வேண்டும். மோட்பஸில் ஒரு பெட்டிக்கு 1 முதல் 247 வரை ஓர் எண் கொடுக்கலாம். இரண்டு பெட்டிகளுக்கு ஒரே எண் விழுந்தால் இரண்டும் சேர்ந்து பதில் சொல்லிக் குழப்பும். கையேட்டில் 40001 என்று அச்சிட்டிருக்கும் பதிவேடு, கேபிளில் 0 என்று போகும். புதிதாக வருபவர்களின் அரை நாளை விழுங்கும் இடம் இது.

இவை எல்லாம் தவறினால் இயந்திரம் ஓடாது, அவ்வளவுதான். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போது கேபிள் அறுந்தால்? குறித்த நேரத்துக்குள் பி.எல்.சி.யிடமிருந்து செய்தி வராவிட்டால் பெட்டி என்ன செய்ய வேண்டும் என்பதை நாம்தான் முன்கூட்டியே அமைக்க வேண்டும். வெளியீடுகளை நிறுத்திவிடலாம், அல்லது கடைசி நிலையிலேயே வைத்திருக்கலாம். கன்வேயர் நின்றுவிடுவதே நல்லது. பாய்லருக்குத் தண்ணீர் தரும் பம்ப் நின்று, நெருப்பு மட்டும் எரிந்தால் ஆபத்து. ஸ்டெரிலைசருக்குள் ஏறக்குறைய 3 பார் அழுத்தத்தில் நீராவி இருக்கிறது. அதன் வால்வுகள் எந்த நிலைக்குப் போக வேண்டும் என்பதை ஆலை எஞ்சினியர் எழுத்தில் தர வேண்டும். பெட்டி வாங்கியபோது இருந்த அமைப்பை அப்படியே விட்டுவிடக் கூடாது.

4 முதல் 20 மில்லிஆம்பியர் சிக்னல் பூஜ்யத்தில் தொடங்காததிலும் இதே யோசனை உண்டு. அழுத்தம் பூஜ்யமாக இருந்தாலும் 4 மில்லிஆம்பியர் வரும். அதுவும் வராவிட்டால் வயர் போய்விட்டது என்று புரியும்.

அவசர நிறுத்தப் பொத்தானையும் பாய்லரின் குறைநீர்ப் பாதுகாப்பையும் சாதாரண ரிமோட் ஐ.ஓ.வை மட்டும் நம்பி விடக்கூடாது. அவற்றுக்குத் தனி வயரும் பாதுகாப்பு ரிலேயும் வேண்டும், இல்லாவிட்டால் அதற்கென்றே சான்றளிக்கப்பட்ட பாதுகாப்பு மாடியூல்.

தொழிற்பயிற்சி முடித்து ஆலைக்குப் போகும் நம் பிள்ளைகள் கேட்டு வாங்க வேண்டிய சோதனை ஒன்று உண்டு. ஆலை ஓடாத நாளில், நீராவியோ குலைகளோ இல்லாதபோது, பொறுப்பாளரின் அனுமதியோடு அந்தக் கேபிளைக் கழற்றுங்கள். ஒவ்வொரு வால்வும் மோட்டாரும் எந்த நிலைக்குப் போனது என்று எழுதி, அந்தத் தாளைப் பெனல் கதவின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள்.