கேட்டுவிட்டுப் பேசியவர், பேசிவிட்டுக் கேட்பவர்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் நெடுஞ்சாலையில், மயிலத்துக்கும் புதுச்சேரிக்கும் ஆட்கள் பிரிந்து போகிற இடம் கூட்டேரிப்பட்டு. இப்படிப்பட்ட கூட்டுரோடுகளில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கு அந்த வட்டாரத்தின் பெரிய மனிதர்கள் யார் யார் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கல்லூரித் தாளாளர், நகைக்கடைக்காரர், ஆஸ்பத்திரி நடத்தும் டாக்டர், ரைஸ்மில் முதலாளி என்று எல்லாரும் ஃபிளெக்ஸில் கைகூப்பி நிற்பார்கள். பொங்கலுக்கு ஒன்று, ப்ளஸ் டூ ரிசல்ட்டுக்கு ஒன்று, ஆடித் தள்ளுபடிக்கு ஒன்று. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து ஓர் இளம்பெண் உயிரிழந்தபோது கெடுபிடி வந்தது. கொஞ்ச நாள் பேனர்கள் மறைந்தன, பிறகு மெல்லத் திரும்பின.

இப்போது அதே தாளாளர்களைத் தேடி வேறொரு சரக்கு வருகிறது. லேப்டாப்போடு வரும் இளைஞர்கள் சொல்வது இதுதான்: “சார், நெட்ல உங்க பேரு எங்கெங்க அடிபடுதுன்னு நாங்க பாத்துக்கறோம். ஜனங்க எதைப் பேசுறாங்களோ அதுக்குத் தக்கபடி உங்க பேர்ல தினம் ஒரு போஸ்ட் போட்டுடறோம்.” சோஷியல் லிசனிங் என்று இதற்குப் பெயர். பெயர் புதிதாக இருந்தாலும் வேலை எளிதில் புரியக்கூடியது. கல்லூரியின் பெயர், முதலாளியின் பெயர், போட்டிக் கல்லூரியின் பெயர் என்று தேடுசொற்களைக் கருவியில் கொடுத்துவிட வேண்டும். எக்ஸ், யூடியூப், செய்தித்தளங்கள், ரிவ்யூப் பக்கங்கள் என்று அந்தச் சொற்கள் வரும் இடங்களை அது திரட்டும். பாராட்டா, திட்டா என்று பிரிக்கும். எந்த நாளில் பேச்சு திடீரென்று ஏறியது, யார் வாயால் ஏறியது, பக்கத்துக்காரர் பெயர் நம் பெயரைவிட எவ்வளவு அதிகமாக அடிபடுகிறது என்றெல்லாம் வரைபடம் போட்டுக் காட்டும். பிராண்ட்வாட்ச், மெல்ட்வாட்டர், டாக்வாக்கர் போன்ற கருவிகளைப் பெரிய நிறுவனங்கள் தங்கள் பொருள்களைப் பற்றிய பேச்சை அறியப் பயன்படுத்தின. இப்போது அந்த வரைபடத்தில் தலைமை அதிகாரியின் பெயரும் ஏறியிருக்கிறது.

கேட்கிற கருவியை வைத்துப் பேசுகிற ஆளை உருவாக்க முடியுமா? இதற்கு நியூயார்க் வரை போக வேண்டாம். தமிழ்நாட்டில் ஒரே நிறுவனத்தில் வேலை பார்த்துப் பிரிந்த இருவரை வைத்தே பார்க்கலாம். ஒருவர் திருச்சிக்காரரான கிரீஷ் மாத்ருபூதம், ஃபிரெஷ்வொர்க்ஸ் நிறுவனர். மற்றவர் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஸ்ரீதர் வேம்பு. இதே நெடுஞ்சாலையில் கூடுவாஞ்சேரிப் பக்கம் பெரிய வளாகம் வைத்திருக்கும் சோஹோவின் நிறுவனர்.

கிரீஷின் கதை கேட்பதில் தொடங்குகிறது. அமெரிக்காவிலிருந்து சென்னைக்கு வீடு மாறியபோது அவருடைய டிவி உடைந்துபோனது. சாமான் அனுப்பிய நிறுவனத்திடம் இழப்பீடு கேட்டு அலைந்தும் பணம் வரவில்லை. ஊர் திரும்பும் இந்தியர்கள் கூடிப் பேசும் இணையக் குழு ஒன்றில் நடந்ததை எழுதினார். உடனே நிறுவனத்தின் தலைவர் வந்து மன்னிப்புக் கேட்டார், பணமும் வந்தது. வாடிக்கையாளர் இனி போனில் முறையிட மாட்டார், நாலு பேர் பார்க்க எழுதுவார், அந்த நாலு பேர் படிப்பதற்குள் பதில் சொல்லியாக வேண்டும் என்பது அவருக்கு அங்கே பிடிபட்டது. 2010-இல் ஜென்டெஸ்க் என்ற வாடிக்கையாளர் சேவை மென்பொருள் விலையை ஏற்றியது. பழைய வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். அந்தச் செய்தியின் கீழே ஒருவர், இந்த இடத்தில் நல்ல மாற்று ஒன்றுக்கு வாய்ப்பிருக்கிறது என்ற பொருளில் எழுதியிருந்ததை கிரீஷ் படித்தார். சோஹோ வேலையை விட்டார். ஷான் கிருஷ்ணசாமி என்ற கூட்டாளியோடு சென்னை கீழ்க்கட்டளையில் ஒரு சின்ன இடத்தில், பின்னாளில் ஃபிரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறிய ஃபிரெஷ்டெஸ்க்கைத் தொடங்கினார். முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவில் ஒரு பள்ளி.

எந்தக் கருவிக்கும் சந்தா கட்டாமல் நடந்த சோஷியல் லிசனிங் இது. அடுத்து அவர் செய்தது இன்னும் கவனிக்கத்தக்கது. கருத்து எழுதப்பட்ட அதே இடத்துக்குப் போய், உங்களில் ஒருவர் எழுதிய ஒற்றைக் குறிப்பால்தான் நான் வேலையை விட்டேன் என்று தன் கதையை எழுதினார். கேட்டது திரும்பிச் சொல்லப்பட்டபோது அவருக்கு ஒரு முகம் கிடைத்தது. 2011 டிசம்பரில் ஒரு தொழில்நுட்ப ஆய்வாளர் ஃபிரெஷ்டெஸ்க் என்ற பெயரே காப்பி என்று ட்விட்டரில் எழுத, ஜென்டெஸ்கின் தலைவரும் அதில் சேர்ந்துகொண்டார். கிரீஷ் வக்கீல் நோட்டீஸ் எதுவும் அனுப்பவில்லை. திட்டிய ட்வீட்டுகளையும் தன் வாடிக்கையாளர்களின் சொற்களையும் ஒரே பக்கத்தில் அடுக்கி, காப்பியா இல்லையா என்று நீங்களே சொல்லுங்கள் என ஒரு தனித் தளமே போட்டுவிட்டார். பெரிய நிறுவனத்தின் கோபத்தில் சின்ன நிறுவனத்துக்கு விளம்பரம் கிடைத்தது. சமூக ஊடகப் புகார்களைக் கவனிக்கும் மென்பொருள் செய்த ஏர்வூட் என்ற நிறுவனத்தை 2016-இல் விலைக்கே வாங்கியதும் இந்தப் பழக்கத்தின் நீட்சிதான்.

வேம்பு வழி நேர் எதிர். 1996-இல் அட்வென்ட்நெட் என்று தொடங்கி 2009-இல் சோஹோ ஆன அவருடைய நிறுவனம் சோஹோ சோஷியல் என்ற மென்பொருளை விற்கிறது. யார் உங்கள் பெயரைச் சொல்கிறார்கள் என்று கண்காணிக்கும் வசதி அதிலேயே இருக்கிறது. ஊருக்கெல்லாம் காது விற்கிற நிறுவனத்தின் நிறுவனர் தான் பேசும்போது அந்தக் காதைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசுகிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 2019-இல் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறைக்குக் குடிபோனார். வேட்டி, சைக்கிள், வயல் என்று வந்த படங்களை எந்த ஏஜென்சி திட்டம் போட்டிருந்தாலும் அதைவிடச் சிறப்பாகச் செய்திருக்க முடியாது. ஆனால் அந்தப் பெயரைக் காப்பாற்ற நினைக்கும் ஏஜென்சி எதுவும் அவரைப் பேசவிடாத பேச்சுகளையும் அவர் பேசிக்கொண்டே இருக்கிறார். 2020 தொடக்கத்தில் ஆர்.எஸ்.எஸ். சார்ந்த ஒரு கூட்டத்தில் அவர் கலந்துகொள்ளப் போகும் செய்திக்குக் கடும் எதிர்ப்பு வந்தது. எந்தக் கூட்டத்துக்குப் போவது என்பதை ட்விட்டர் தாக்குதல்களைப் பார்த்து நான் முடிவு செய்வதில்லை, தாக்குதல்களுக்குப் பதிலும் சொல்லப் போவதில்லை என்று எழுதிவிட்டுப் போனார். 2025 நவம்பரில், இளைஞர்கள் இருபதுகளிலேயே கல்யாணம் செய்து பிள்ளை பெற வேண்டும் என்று எழுதி இன்னொரு சண்டையை வரவழைத்தார். கருவியின் வரைபடத்தில் இவை எல்லாம் சிவப்பாகத்தான் ஏறியிருக்கும். அவருக்குப் பொருட்டில்லை.

ஆனால் வேம்பு காதே இல்லாதவர் என்று எழுதினால் அது தப்பு. அவர் கேட்பது பேச்சில் தெரியாது, பொருளில் தெரியும். 2021-இல் வந்து ஓரமாகக் கிடந்த சோஹோவின் ‘அரட்டை’ என்ற செய்திச் செயலி 2025 செப்டம்பர் கடைசியில் திடீரென்று தீப்பிடித்ததுபோல் பரவியது. ஒரு நாளைக்கு 3,000 பேர் சேர்ந்துகொண்டிருந்தது மூன்றே நாளில் ஒரு நாளைக்கு 3,50,000 பேராக ஏறிவிட்டது என்று அவரே எழுதினார். கூடவே புகார்களும் குவிந்தன. ஓ.டி.பி. வரவில்லை, அழைப்பு தடைபடுகிறது, எழுத்துச் செய்திகளுக்கு முழுமையான மறையாக்கம் ஏன் இல்லை. நவம்பரில் பெரிய வெளியீட்டுக்குத் தயாராகிக்கொண்டிருந்தோம், அதற்குள் கூட்டம் வந்துவிட்டது என்று வெளிப்படையாகச் சொன்னார். சர்வர் கூட்டுவதையும் மறையாக்கம் கொண்டுவருவதையும் நிறுவனர் வாயாலேயே ஊர் அறிந்துகொண்டது. முதலில் பேச்சு, பிறகு கேட்பது, அதற்குப் பிறகு வேலை.

இருவரும் நேருக்கு நேர் முட்டிக்கொண்ட இடமும் உண்டு. சோஹோ 2020-இல் வணிக ரகசியம் தொடர்பாக ஃபிரெஷ்வொர்க்ஸ் மீது அமெரிக்காவில் வழக்குப் போட்டு 2021-இல் சமரசமானது தனிக் கதை. நம் பேச்சுக்கு முக்கியமானது 2024 நவம்பர். ஃபிரெஷ்வொர்க்ஸ் தன் ஊழியர்களில் 13 சதவீதம், ஏறத்தாழ 660 பேரை அனுப்பியது. அதே வேளையில் 40 கோடி டாலருக்குத் தன் பங்குகளைத் தானே வாங்கப்போவதாகவும் அறிவித்தது. வேம்பு பெயர் சொல்லாமல் எழுதினார். கையில் நூறு கோடி டாலர் வைத்துக்கொண்டு, லாபமும் வளர்ச்சியும் இருந்தும் ஆட்களை அனுப்புகிற நிறுவனம் அவர்களிடம் விசுவாசத்தை எதிர்பார்க்கக் கூடாது, இது அப்பட்டமான பேராசை என்பது அதன் சாரம். யாரைச் சொல்கிறார் என்று படித்தவர்களுக்கெல்லாம் தெரிந்தது. கிரீஷ் அந்த ஆண்டு மே மாதமே தலைமைச் செயல் அதிகாரிப் பொறுப்பை டென்னிஸ் வுட்சைடிடம் கொடுத்துவிட்டு நிர்வாகத் தலைவராக இருந்தார்.

2011-இல் தனித் தளமே போட்டுப் பதில் சொன்ன அந்த கிரீஷுக்கு 2024-இல் அதே சுதந்திரம் இருந்திருக்க முடியாது. குணம் மாறிவிட்டது என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. நடுவில் நடந்தது பங்குச் சந்தை. 2021 செப்டம்பர் 22 அன்று ஃபிரெஷ்வொர்க்ஸ் நாஸ்டாக்கில் பட்டியலானது, நூறு கோடி டாலருக்கு மேல் திரட்டியது. அந்தப் பங்கு வெளியீட்டு ஆவணத்திலேயே ‘தலைவா’ என்று ரஜினிகாந்துக்கு நன்றி சொன்னவர் கிரீஷ். அவர் தன் குரலில் கடைசியாகத் தாராளமாகப் பேசிய இடம் அதுதானோ என்று சில சமயம் நினைப்பேன். பட்டியலான நிறுவனத்தின் தலைவர் எழுதும் ஒவ்வொரு வரியும் முதலீட்டாளருக்குத் தரும் தகவலாகிவிடுகிறது. நெட்ஃபிளிக்ஸ் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ் 2012-இல் ஃபேஸ்புக்கில் போட்ட ஒரு சாதாரணப் பெருமையே அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் விசாரணைக்குப் போனது. 2018-இல் எலான் மஸ்க் ஒரு ட்வீட்டுக்காக 2 கோடி டாலர் அபராதம் கட்டினார், டெஸ்லா நிறுவனமும் தன் பங்குக்கு அதே தொகையைக் கட்டியது. சோஹோ பட்டியலாகவில்லை, வெளி முதலீட்டாளர் பணத்தில் வளரவும் இல்லை. பேசுவதற்கு முன் வேம்பு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. ஒருவர் கேட்டுவிட்டு அளந்து பேசுவதும் இன்னொருவர் மனதில் பட்டதைப் பேசுவதும் பாதிக்குப் பாதி அவரவர் முதலீட்டின் சங்கதி.

இதைக் கணக்கில் எடுக்காமல் வேம்புவைப் பார்த்து அப்படியே எழுதத் தொடங்கும் நம் ஊர்த் தாளாளர் சீக்கிரமே மாட்டிக்கொள்வார். அவர் பட்டியலாகவில்லைதான். ஆனால் அட்மிஷன் சீசனில் அவர் முன் உட்காரும் ஒவ்வொரு பெற்றோரும் அவருக்குப் பங்குதாரர். சாதியைப் பற்றி, அரசியலைப் பற்றி, பெண்கள் எப்படி உடுத்த வேண்டும் என்பதைப் பற்றி அவர் எழுதும் ஒரு வரி அடுத்த மே மாதத்தில் காலியான சீட்டாக வந்து நிற்கும். அவர் எடுத்துக்கொள்ளக்கூடியது கீழ்க்கட்டளைக் காலத்து கிரீஷின் பழக்கம்.

அதற்கும் கருவி கைகொடுக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. இந்தக் கருவிகளுக்குத் தமிழ்க் காது மந்தம். நம் ஆட்கள் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள். கூட்டேரிப்பட்டு என்ற ஊர்ப்பெயரையே ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள், தேடுசொல்லில் எல்லா வடிவமும் இருந்தாலொழிய பாதிப் பேச்சு வலையில் விழாது. ‘நல்லா வருவீங்க’ என்பது ஆசீர்வாதமா குத்தலா என்பது மனிதருக்கே தொனியில்தான் விளங்கும். அயர்லாந்தின் கால்வேயிலிருந்து பாரதிராஜா சக்கரவர்த்தியும் உடன் ஆய்வாளர்களும் 2020-இல் தமிழும் ஆங்கிலமும் கலந்த 15,000-க்கு மேற்பட்ட யூடியூப் கமெண்டுகளை ஆட்களை வைத்துப் படிக்கச் செய்து, பாராட்டு, திட்டு, இரண்டும் கலந்தது என்று வகைப்படுத்தி வெளியிட்டார்கள். அவ்வளவு பாடுபட வேண்டிய மொழிநடை இது. வடிவேலு முகத்தை மட்டும் போட்டுவிட்டு வார்த்தையே எழுதாமல் போகிறவரைக் கருவி என்ன செய்யும்?

இன்னொரு பெரிய ஓட்டையும் இருக்கிறது. எக்ஸ் 2023-இல் தன் தரவை இலவசமாகக் கொடுப்பதை நிறுத்தியது. ஃபேஸ்புக்கில் எது பரவுகிறது என்று காட்டிய கிரவுட்டாங்கிளை மெட்டா 2024 ஆகஸ்டில் மூடியது. விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் உண்மையான பேச்சு நடப்பதோ வாட்ஸ்அப்பில். பஸ் ரூட் குரூப், பழைய மாணவர் குரூப், சங்க குரூப், அதில் வரும் வாய்ஸ் நோட். அங்கே எந்தக் கருவிக்கும் அனுமதியில்லை, இருக்கவும் கூடாது. ஆக ஏஜென்சி தரும் மாத ரிப்போர்ட்டில் சென்னையிலும் பெங்களூரிலும் யாரோ எழுதிய நாலு ட்வீட் இருக்கும். மயிலத்தில் பேசுவது இருக்காது.

வானூர்ப் பக்கம் திருச்சிற்றம்பலத்தில் 2024 பிப்ரவரியில் மினி டைடல் பூங்கா திறந்துவிட்டது. திண்டிவனம் சிப்காட்டுக்கு டாபர் வருகிறது. இந்தப் பக்கத்துக் கல்லூரிகளையும் கம்பெனிகளையும் பற்றி இணையத்தில் எழுதுகிறவர்கள் இனி கூடத்தான் செய்வார்கள். கல்லூரி பற்றிய கூகுள் ரிவ்யூவும் கல்லூரி வீடியோக்களின் கீழே உள்ள கமெண்டும் தாளாளரே காசில்லாமல் படிக்கக்கூடியவை. ஹாஸ்டல் சாம்பார், பஸ் தாமதம், சர்டிஃபிகேட்டைப் பிடித்து வைத்துக்கொள்வது, பிளேஸ்மென்ட் கணக்கில் வித்தை என்று அங்கே வருகிற புகார்களுக்குப் பதில் எழுத வேண்டியவர் தாளாளர், தன் பெயரில், வார்டனைக் கூப்பிட்டுப் பேசிவிட்டு. அதைப் படிக்கிற பையன் நாலு குரூப்பில் அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போடுவான். லேப்டாப்போடு வரும் இளைஞர்களின் பேக்கேஜில் இது கிடையாது. தாளாளர் பெயரில் திருக்குறள் படம் போட அவர்களால் முடியும், வார்டனை மாற்ற முடியாது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் மாத ரிப்போர்ட் யார் மேசைக்குப் போகும் என்று கேட்டுக்கொள்வது நல்லது. போஸ்டர் அடிக்கிறவர் மேசைக்கு என்று பதில் வந்தால், பழைய ஃபிளெக்ஸுக்கே அந்தப் பணத்தைக் கொடுத்துவிடலாம். அச்சுக்காரருக்காவது பிழைப்பு நடக்கும்.