ஆடுகளத்துக்கு வெளியே ஓர் ஆசிரியர்

தேர்வு மண்டபத்தின் வாயிலில் நிற்கும் ஆசிரியரை மாணவ நண்பர்களாகிய நீங்கள் பார்த்திருப்பீர்கள். மணி அடித்தாயிற்று, வினாத்தாளும் கைக்கு வந்தாயிற்று. இனி அவர் செய்யக் கூடியது ஒன்றுமில்லை. நானும் பல ஆண்டுகள் அவ்வாறு நின்றவன். ஆதலால்தானோ என்னவோ, நியூஸிலாந்து நாட்டு ரக்பிப் பயிற்சியாளர் கிரஹாம் ஹென்றியின் வரலாற்றைப் படித்தபோது அவர் எனக்கு அயலாராகத் தோன்றவில்லை.

ரக்பி ஆட்டம் நம் ஊர்களில் மிகுதியாக வழங்குவதில்லை. எனினும், கல்கத்தாவிலிருந்த ஒரு ரக்பிக் கழகம் 1878-இல் கலைந்தபோது, அதன் கையிருப்பான வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்த கோப்பைக்காகவே இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்றளவும் மோதுகின்றன! பக்கத்துக்குப் பதினைந்து பேர்; முட்டை வடிவான பந்து; பந்தைக் கையால் முன்னோக்கி எறிதல் கூடாது. எதிரியின் எல்லைக்குள் பந்தைத் தரையில் வைத்தால் ஐந்து புள்ளி. கம்பங்களுக்கிடையே குறுக்குக் கம்பத்துக்கு மேலாக உதைத்தால் மூன்று. எண்பது நிமிட ஆட்டம். பயிற்சியாளர் பார்வையாளர் மாடத்தில் அமர்ந்திருப்பார்.

ஹென்றி 1946-இல் கிரைஸ்ட்சர்ச் நகரில் பிறந்தவர். உடற்பயிற்சி ஆசிரியராகத் தொழில் தொடங்கி, ஆக்லாந்து நகரில் கெல்ஸ்டன் ஆண்கள் உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியரானார். நெடுங்காலம் ரக்பி யூனியன் ஆட்டத்தில் ஊதியம் பெறுவதே குற்றம். 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அந்தத் தடை நீங்கிற்று. ஹென்றியும் பள்ளியை விட்டு முழுநேரப் பயிற்சியாளரானார். அவருடைய ஆக்லாந்து அணி 1996, 1997 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ‘சூப்பர் 12’ போட்டியை வென்றது.

1998-இல் வேல்ஸ் நாடு அவரை அழைத்தது. அவ்வாண்டு ஜூன் மாதந்தான் தென்னாப்பிரிக்காவிடம் 96-13 என்ற கணக்கில் அந்நாடு நொறுங்கியிருந்தது. மறு ஆண்டு ஜூனில் அதே தென்னாப்பிரிக்காவை 29-19 என்று வேல்ஸ் வென்றது; இரு நாட்டு ஆட்ட வரலாற்றில் அதுவே வேல்ஸின் முதல் வெற்றி. மக்கள் அவரை மீட்பர் என்றே கொண்டாடினர். ஆனால் கொண்டாட்டம் நீடிக்கவில்லை. 2002 பிப்ரவரியில் அயர்லாந்திடம் 54-10 என்று தோற்றபின் பதவி விலகி ஊர் திரும்பினார்.

2004-இல் நியூஸிலாந்தின் தேசிய அணி அவர் பொறுப்பில் வந்தது. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த நிகழ்ச்சி வருகிறது. ஆட்டத்துக்கு முன் ஆட்டக்காரர்களைக் கூட்டி எழுச்சியுரை ஆற்றுவது ஹென்றியின் வழக்கம். ஒரு நாள் அணித்தலைவர் டானா உமாகா அவரிடம் வந்து, அந்த உரை எங்களுக்காகவா, அல்லது உங்களுக்காகவா என்ற பொருள்படக் கேட்டார். முப்பது ஆண்டுகள் அதிகாரத்தோடு பேசிப் பழகிய தலைமையாசிரியருக்கு அக்கேள்வி எப்படி இருந்திருக்கும்! என் மாணவன் ஒருவன் என்னை அவ்வாறு கேட்டிருந்தால் வகுப்பைவிட்டு வெளியே அனுப்பியிருப்பேன் என்றே எண்ணுகிறேன். ஹென்றி உரை நிகழ்த்துவதை நிறுத்திவிட்டார். அணியின் முடிவுகளை மூத்த ஆட்டக்காரர் குழு ஒன்றுடன் பகிர்ந்துகொள்ளத் தொடங்கினார்.

ஆயினும், பகிர்ந்து கொடுத்த மாத்திரத்தில் பொறுப்பு வேர் பிடித்துவிடுமா? 2007 அக்டோபர் 6-ஆம் நாள், கார்டிஃப் நகரில், உலகக் கோப்பைக் கால் இறுதி. இடைவேளையில் பிரான்ஸை 13-3 என்று முந்தியிருந்த நியூஸிலாந்து, பிற்பாதியில் 18-20 என்று பின்தங்கிவிட்டது. ஏறத்தாழப் பத்து நிமிடம் மீதியிருந்தது. ஓடும் ஆட்டத்திலேயே பந்தைத் தரையில் துள்ளவிட்டு உதைத்து மூன்று புள்ளி எடுக்க விதி இடந்தருகிறது. அது ஒன்றே போதும். ஆனால் அதற்கு ஏற்ற இடத்தை அமைத்துக்கொள்ள ஒருவருக்கும் தோன்றவில்லை. பழகிய வழியிலேயே முட்டி முட்டி நின்றனர். கடைசியில் தொலைவிலிருந்து உதைத்த பந்தும் வீணாயிற்று. உலகக் கோப்பையில் அந்நாடு அரை இறுதியை எட்டாமற் போனது அதுவே முதல் முறை.

தோற்ற பயிற்சியாளர் போய்விடுவது அந்நாட்டு மரபு. ராபி டீன்ஸ் என்ற புகழ்வாய்ந்த பயிற்சியாளரும் அப்பதவிக்குப் போட்டியிட்டார். அவ்வாறிருந்தும் 2007 டிசம்பரில் ரக்பிச் சங்கம் ஹென்றியையே மீண்டும் அமர்த்தியது. நாடெங்கும் பெருஞ்சர்ச்சை எழுந்தது. டீன்ஸ் ஆஸ்திரேலியாவுக்குச் சென்றார். சங்கம் செய்தது துணிச்சலான செயல் என்பதே என் கருத்து. அத்தோல்வியின் பாடத்தை அவரைவிட நன்கு அறிந்தவர் வேறு யார்?

நெருக்கடியில் மனம் கலங்காமல் முடிவெடுப்பதையே அணி இப்போது ஒரு பாடமாகப் பயின்றது. ஸேரி எவன்ஸ் என்ற மனநல மருத்துவர் துணைக்கு வந்தார். கொதிக்கும் மனநிலைக்குச் சிவப்பு என்றும், தெளிந்த நிலைக்கு நீலம் என்றும் பெயரிட்டு, சிவப்பிலிருந்து நீலத்துக்குத் தாமே திரும்பும் வழிகளை ஆட்டக்காரர்கள் பழகினர்.

2011-இல் உலகக் கோப்பை நியூஸிலாந்திலேயே நடந்தது. அரை இறுதியில் டீன்ஸின் ஆஸ்திரேலியாவை 20-6 என்று வென்றனர். இறுதி ஆட்டம் அக்டோபர் 23, ஆக்லாந்தின் ஈடன் பார்க்கில். எதிரி மறுபடியும் பிரான்ஸ். உதைப்பதில் வல்லவரான டான் கார்ட்டர் முன்பே காயமுற்றிருந்தார். மாற்றாக வந்த காலின் ஸ்லேடும் காயமுற்றார். மூன்றாமவர் ஆரன் குரூடன் இறுதி ஆட்டத்தின் முற்பாதியிலேயே வீழ்ந்தார். நான்காமவராக வந்த ஸ்டீவன் டொனால்ட், முந்தைய ஆண்டு ஒரு தோல்விக்காக ஊராரின் ஏச்சைத் தாங்கியவர். அணியின் அழைப்பு வந்தபோது ஆற்றில் சிறுமீன் பிடித்துக்கொண்டிருந்தவர்! அளவுக்குச் சிறிய சட்டையோடு களத்தில் இறங்கிய அவர் பிற்பாதியில் உதைத்த பந்து மூன்று புள்ளி தந்தது. 8-0. உடனே பிரான்ஸ் பதிலடி கொடுத்தது, 8-7.

அதன்பின் அரை மணிக்கு மேல் ஒரே ஒரு புள்ளி இடைவெளி. கார்டிஃப் நகரை நினையாத நியூஸிலாந்துக்காரர் அம்மைதானத்தில் இருந்திருக்க முடியாது. ரிச்சி மக்கா தலைமையில் ஆட்டக்காரர்கள் பதறாமல் தடுத்தனர். பந்து கிடைத்தபோது அதை விடாமல் காத்தனர். ஹென்றி மாடத்தில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். முடிவில் ஆண்ட்ரூ எல்லிஸ் பந்தை எல்லைக்கு வெளியே உதைத்தார். இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் கோப்பை மீண்டும் நியூஸிலாந்துக்கு வந்தது.

சில நாட்களில் ஹென்றி பதவியிலிருந்து விலகினார். 103 ஆட்டங்களில் 88 வெற்றி என்பது அவர் கணக்கு. 2012 புத்தாண்டில் அவருக்கு ‘சர்’ பட்டம் கிடைத்தது. அதே ஆண்டு அர்ஜென்டினா அணிக்கு உதவிப் பயிற்சியாளராகச் சென்றார்.