அமெரிக்கக் குடியேற்றக் காலத்துச் சவரக்கத்தி

சவரக்கத்தியின் வரலாற்றை எழுதப் புகுந்தார் பலரும் அரண்மனைகளையும் நகரத்துக் கடைகளையுமே நாடிச் செல்வர். நாம் ஈண்டு எடுத்துக்கொண்டது, நாவிதர் எவரும் இல்லாத காட்டிடையே, மரக்குடிசையொன்றில் ஒருவன் தன் முகத்தைத் தானே மழித்துக்கொண்ட வரலாறாகும். இதனால் நம் குலத்தார்க்கு ஆவதென்னை என வினவும் அன்பர்கள் சற்றுப் பொறுத்து வாசிப்பார்களாக.

அமெரிக்க ஐக்கிய நாடுகள் விடுதலை பெற்றபின், வெள்ளையர் அப்பலாச்சிய மலைத்தொடரைக் கடந்து, மேற்றிசை நோக்கிக் குடும்பங் குடும்பமாகப் பெயர்ந்தனர். 1890-ஆம் வருஷத்துக் குடிக்கணக்கின்பின், குடியேற்ற எல்லை மறைந்ததென்று அரசாங்கத்தார் கூறுங்காறும் அப்பெயர்ச்சி ஓயவில்லை. அந்நிலத்துப் பழங்குடிகள் அதனால் நிலமிழந்து துயருற்ற கதை தனியே எழுதற்குரியது.

புதுக்குடிசையிற் பெரும்பாலான பொருள்கள் கையாற் செய்துகொண்டவை. கத்தி மட்டும் கடல் கடந்து, இங்கிலாந்து தேசத்து ஷெபீல்டு நகரத்திலிருந்து வந்தது. 1740-ஆம் வருஷத்தையடுத்து அந்நகரத்தில் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் என்பார் எஃகை மூசையிலிட்டு உருக்கும் முறையைக் கைவரப்பெற்றார். (மூசையில் எஃகு காய்ச்சும் வித்தை நம் தென்னாட்டில் அதற்குப் பன்னூற்றாண்டு முற்பட்டது, அதனை வேறொருகால் எழுதுவோம்.) ஷெபீல்டில் வேட் அண்டு புட்சர் கம்பெனியார் செய்த கத்திகள் அமெரிக்காவில் ஏராளமாக விலைபோயின. அக்காலத்துக் கத்தி, ஆப்பைப்போல முதுகு தடித்துக் கனத்திருக்கும். இருபுறமும் உட்குழியச் சாணைபிடித்த மெல்லிய கத்தி 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் பெருகியது.

சவர்க்காரம் வீட்டுப் பெண்டிர் காய்ச்சியது. அடுப்புச் சாம்பலை மரத்தொட்டியிற் பெய்து நீர் வார்த்து, கீழே கசியும் காரநீரைக் கொழுப்புடன் சேர்த்துக் காய்ச்சுவர். மரச்சாம்பலின் காரம் பொட்டாஷ் ஆகலின், அது கட்டியாகாமற் கூழ்போலவே நிற்கும். உப்பிட்டாற் கட்டிப்படும், ஆனால் எல்லைப்புறத்தில் உப்பு அருமையான சரக்கு. அக்கூழ் நன்றாக நுரைக்கும். காரம் சிறிது மிகுந்தாலோ மழித்த முகம் தீப்பட்டதுபோல எரியும்.

கத்தியைத் தோல்வாரில் தீட்டுங்கால் முதுகு முன்செல்ல, வாய் பின்தொடர வேண்டும். வெந்நீரால் மயிரை நன்கு ஊறவைத்தல் வேண்டும். தோலை ஒரு கையால் இழுத்துப் பிடித்து, கத்தியை ஏறத்தாழ 30 பாகை சாய்த்து, மயிர் படிந்த வாக்கிலேயே முதற்கண் இழுத்தல் வேண்டும். இவையெல்லாம் நம் வீட்டுச் சிறுவரும் அறிந்தவை. ஆயினும் பிறர் முகத்தில் மழித்தல் வேறு. மங்கலான சிறு கண்ணாடியில் வலம் இடமாகத் தோன்ற, தன் கழுத்தின்மேல் தானே கத்தி வைத்தல் வேறு. காட்டை வெட்டித் திருத்திய உரங்கொண்ட கையும் ஆண்டுச் சற்று நடுங்கியிருக்கும் என்றே நாம் எண்ணுகிறோம். ஆதலின், பலர் ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டின் பொருட்டு வாரத்திற்கு ஒருமுறை மழித்தனர். வேறு பலர் தாடியை வளரவிட்டனர்.

இவ்வளவிலும் இழிவென்பது எங்கேனும் உண்டோ? இல்லை. குடிசையிற் கத்தி பிடித்தவன் கோடரி பிடித்தவனைப்போலவே மதிக்கப்பட்டான். ஆனால் எல்லைப்புறம் ஊராகி, ஊர் நகரமானபோது, அடிமை வழக்கமிருந்த தென்மாகாணங்களில் இந்நிலை மாறிற்று. பிறருக்கு மழித்தல் கறுப்பர்க்கே உரிய ஏவற்பணி என ஆயிற்று. கருவியும் ஒன்று, கைத்திறனும் ஒன்று. ஏவுவோன் ஒருவன், செய்வோன் ஒருவன் என்றானபோதே இழிவு வந்து புகுந்தது.

ஆபிரகாம் லிங்கன் கெண்டக்கி நாட்டு மரக்குடிசையிற் பிறந்த அதே 1809-ஆம் வருஷத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள நாட்செஸ் என்னும் ஊரில் வில்லியம் ஜான்சன் என்பார் அடிமையாய்ப் பிறந்தார். 1820-இல் விடுதலை பெற்றுத் தம் தமக்கையின் கணவரிடம் சவரத்தொழில் பயின்றார். 1830-இல் அவர் கடையையே விலைக்கு வாங்கினார். வெள்ளையர் அக்கடையில் வந்தமர்ந்து அவர் கத்திக்குத் தம் கழுத்தை நீட்டினர். அவரிடமே கடனும் வாங்கினர். அவர் நிலம் வாங்கினார். கறுப்பர் குலச் சிறுவர்க்குத் தொழில் பயிற்றினார். அவரும் அடிமைகளை வைத்திருந்தார் என்பதை மறைத்தெழுதுதல் வரலாறாகாது. 1835 முதல் 1851 வரை, 16 வருஷகாலம் நாட்குறிப்பெழுதிவந்தார்.

1851-இல் நில எல்லைத் தகராறொன்றில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். உடனிருந்து கண்டவர் கறுப்பர். வெள்ளையர்க்கு எதிராகக் கறுப்பர் சாட்சி சொல்லலாகாது என்பது அந்நாட்டுச் சட்டம். குற்றஞ்சாட்டப்பட்டவரோ தாம் வெள்ளையரே என வாதாடித் தண்டனையின்றி வெளிவந்தார்.

அந்நாட்குறிப்பை அவர் வழியினர் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தனர். அது 1951-இல் நூலாக அச்சேறியது. நாட்செஸ் நகரில் அவர் குடியிருந்த செங்கல் வீடு தேசியப் பூங்கா இலாகாவின் பாதுகாப்பில் இருந்து வருகின்றது.