பிறேக் அடிச்சது தெரியும், ஏன் எண்டு தெரியாது

எந்தச் சாரதியைக் கேட்டாலும் "நான் நிதானமாத்தான் ஓட்டுறன்" எண்டுதான் சொல்லுவார். அதனாலோ என்னவோ, வாயால் கேட்பதை விட்டுக் கருவியால் பார்க்கும் முயற்சி கிட்டத்தட்டத் தொண்ணூறு வருடங்களுக்கு முன்னமே தொடங்கிவிட்டது.

1930களில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் புரூஸ் கிரீன்ஷீல்ட்ஸ் என்ற பொறியியலாளர், வீதியோரத்தில் 16 மில்லிமீற்றர் கமராவை வைத்துப் போக்குவரத்தைப் படம்பிடித்தார். அடுத்தடுத்த படங்களில் வாகனம் எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்தால் வேகம் தெரிந்துவிடும். 1960களில் அவர் காருக்குள்ளேயே கருவி பூட்டினார். 'டிரைவோமீற்றர்' என்ற அது, ஸ்டியரிங் எத்தனை தரம் திரும்பியது, பிறேக் எத்தனை தரம் மிதிபட்டது என்று எண்ணியது.

பிறகு வேர்ஜீனியா டெக் ஆய்வாளர்கள் 100 கார்களில் கமராக்களையும் ராடரையும் பூட்டி, ஒரு வருடத்துக்கு மேல் ஓடவிட்டார்கள். ஏறத்தாழ 32 இலட்சம் கிலோமீற்றர், 43,000 மணித்தியாலத் தரவு. 2006 இல் அறிக்கை வந்தது. பதிவான விபத்துகளில் கிட்டத்தட்ட 80 வீதத்தில், சம்பவம் தொடங்குவதற்கு முந்திய 3 செக்கன்களுக்குள் சாரதியின் கவனம் வீதியை விட்டு விலகியிருந்தது. கமரா முகத்தைப் பார்த்தபடியால்தான் இதைக் கண்டுபிடிக்க முடிந்தது. ஓட்டியவர்களும் தாங்கள் கவனிக்கப்படுகிறோம் என்று தெரிந்தே சேர்ந்தவர்கள்.

ஆனால் இவ்வளவு கருவி பூட்ட எல்லா நாட்டிலும் காசுக்கு எங்கே போறது? 2008 இல் பெங்களூரிலிருந்த மைக்ரோசொஃப்ட் ஆய்வுக்கூடம் இதற்கு வழி தேடியது. அவர்களின் திட்டத்தின் பெயர் 'நெரிசெல்'. சொல்லிப் பாருங்கோ, எங்கட 'நெரிசல்' காதில் விழும். போனுடன் சேர்ந்த ஆர்முடுகல் உணரி குழியையும் திடீர் பிறேக்கையும் பிடிக்கும். மைக் ஹோன் சத்தத்தை எண்ணும். போன் சட்டைப் பையில் எந்தப் பக்கம் சரிந்து கிடந்தாலும் பரவாயில்லை. புவியீர்ப்பை வைத்துக் கீழ்ப்பக்கத்தையும், பிறேக் அடிக்கும் நேரத்து இழுவையை வைத்து முன்பக்கத்தையும் அது கணித்துக்கொள்ளும். ஒழுங்கான வரிசையில் ஓடாத, ஹோன் அடித்தே வழி எடுக்கிற வீதிக்காக யோசித்த ஆய்வு இது. எங்களுக்கு அது அந்நியமான வீதி இல்லைத்தானே.

அந்த ஆய்வு வீதியைத்தான் அளந்தது. அதே உணரிகள் கெதியிலேயே ஆளையும் அளக்கத் தொடங்கின. 2011 இல் சான் டியேகோவில் இரண்டு ஆய்வாளர்கள், போனை மட்டும் வைத்து, சாதாரண ஓட்டத்தையும் ஆக்ரோஷமான ஓட்டத்தையும் பிரித்துக் காட்டினார்கள். பிறகு காப்புறுதி நிறுவனங்களும் உள்ளே வந்தன. ஓட்டுறதுக்குப் புள்ளி, புள்ளிக்கு ஏற்ற கட்டணம்.

2025 ஜனவரியில் டெக்சாஸ் மாநிலச் சட்டமா அதிபர், ஓல்ஸ்டேட் காப்புறுதி நிறுவனத்துக்கும் அதன் துணை நிறுவனம் ஆரிட்டிக்கும் எதிராக வழக்குப் போட்டார். வேறு தேவைக்காகப் போனில் போட்ட செயலிகளுக்குள் தங்கள் மென்பொருளைச் சேர்த்து, 4 கோடி 50 இலட்சத்துக்கும் அதிகமான அமெரிக்கர்களின் பயணத் தரவை அனுமதியில்லாமல் எடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு.

இந்த வரலாற்றில் கருவி மலிந்துகொண்டே வந்தது. கூடவே இரண்டு விசயம் கழன்று போனது. ஒன்று, கவனிக்கப்படுபவரின் சம்மதம். மற்றது, 'ஏன்' என்ற கேள்வி. பையில் கிடக்கிற போனுக்குப் பிறேக் அடித்தது தெரியும். குறுக்கே மாடு வந்ததா, சாரதி தூங்கி விழுந்தாரா என்று தெரியாது. அந்தப் போன் சாரதியுடையதா, பக்கத்தில் இருந்தவருடையதா என்பதே அதற்குக் குழப்பம்.

நாளைக்கு எங்கட பஸ்களுக்கும் ஓட்டோக்களுக்கும் இப்படிப் புள்ளி போட ஒரு செயலி வரலாம். வேகமா ஓடினவர் எண்டு அது ஒரு சாரதியைக் காட்டும். பின்னால வாற பஸ்ஸை முந்தினால்தான் அண்டைய வசூல் எண்ட நெருக்கடி அதில் பதியாது. வேகத்தைக் குறைக்க விரும்பினால், அதையும் சேர்த்துத்தான் நாங்கள் விசாரிக்க வேணும்.