இரவல் வல்லமை: 'தண்டர் ஏஜென்ட்ஸ்' முதல் இதழ், 1965

1960களின் நடுவில் அமெரிக்கப் படக்கதைத் தொழிலை இரு மோகங்கள் ஒருசேர ஆட்டிவைத்தன. 'டாக்டர் நோ' திரைப்படம் 1962இல் தொடங்கிவைத்த உளவாளி மோகம், 1964இல் 'கோல்ட்ஃபிங்கர்' படத்தாலும் 'தி மேன் ஃப்ரம் அங்கிள்' தொலைக்காட்சித் தொடராலும் மேலும் ஓங்கியது. மனித ஆற்றலை மீறிய வல்லமை படைத்த சூப்பர் ஹீரோக்களுக்கோ மார்வெல் நிறுவனம் புதுவாழ்வு அளித்திருந்தது. மலிவுவிலை நாவல்களைப் பதிப்பித்துவந்த ஹாரி ஷார்ட்டன், இவ்விரண்டையும் ஒரே அட்டைக்குள் சேர்த்து விற்கும் நோக்கத்துடன் தமது டவர் காமிக்ஸ் வழியே 1965 நவம்பர் தேதியிட்டு வெளியிட்ட இதழே 'தண்டர் ஏஜென்ட்ஸ்'.

அவ்விதழின் மூளையாக விளங்கியவர், மார்வெலில் 'டேர்டெவில்' நாயகனுக்குச் செந்நிற உடை அணிவித்துவிட்டு வெளியேறியிருந்த ஓவியர் வாலி வுட். வழக்கமான படக்கதை இதழ் 32 பக்கங்களுடன் 12 சென்ட்டுக்கு விற்ற காலத்தில், இது 64 பக்கங்களுடன் 25 சென்ட் விலையில் வந்தது. சில்லறைக் காசுடன் கடைக்கு வரும் சிறுவன் ஒன்றுக்கு இரண்டாக வேறு இதழ்களை வாங்கிச் செல்லக்கூடும் என்பதால், அந்தத் தாராளத்திலேயே ஓர் ஆபத்தும் இருந்தது.

பேராசிரியர் ஜென்னிங்ஸ் பகைவரால் கொல்லப்படுகிறார். அவர் கண்டுபிடித்த இடுப்புவார், மறைய வைக்கும் மேலங்கி, மனோசக்தி தரும் தலைக்கவசம் ஆகியவை ஐக்கிய நாடுகளின் ரகசியப் படை ஒன்றின் கைக்கு வருகின்றன. சில பக்கங்களில் முடிந்துவிடும் இந்த முன்கதையில்தான் இதழின் புதுமை முழுவதும் அடங்கியுள்ளது. வேற்றுக்கிரகப் பிறப்போ விபத்தோ தந்த வரமாக அல்லாமல், அலுவலகம் ஊழியருக்கு ஒப்படைக்கும் தளவாடமாகவே வல்லமை இங்கே காட்டப்படுகிறது. உடலை இரும்பென இறுக்கும் இடுப்புவாரைப் பெற்று 'டைனமோ' ஆகும் லியனார்ட் பிரவுன் மேசைப் பணியாளர். அதை நெடுநேரம் இயக்கினால் அணிந்தவர் உயிருக்கே கேடு. அப்பெயரும் கதையாசிரியர் லென் பிரவுனுடையதே என்பது வுட் செய்த குறும்பு.

ரீட் கிராண்டலும் வுட்டும் வரைந்த 'நோமேன்' கதையே இதழின் கதைகளுள் ஆழமானது. முதுமையில் தளர்ந்த விஞ்ஞானி டாக்டர் டன் தம் மனத்தைச் செயற்கை உடல் ஒன்றுக்கு மாற்றிக்கொள்கிறார். ஓருடல் அழிந்தால் மற்றொன்றுக்குத் தாவுகிறார். கூடுவிட்டுக் கூடு பாயும் சித்தர் கதைகளில் ஊறிய தமிழ் வாசகருக்கு இது வியப்பளிக்காது. ஆயினும், பாய்ந்தவர் திரும்புவதற்குச் சொந்தக் கூடு இல்லை என்பதே இக்கதையின் துயரம். கில் கேன் பங்களித்த 'மென்தார்' கதையில் ஜான் ஜேனஸ் பகைவரின் இரட்டை உளவாளி. தலைக்கவசத்தை அணியும்போது மட்டும் நல்லவனாகிறான். இருமுக ரோமத் தெய்வத்தின் பெயரை அவனுக்கு இட்டது சற்றே வெளிப்படையான குறிப்புதான்.

குறைகளும் இல்லாமல் இல்லை. வல்லமையற்ற ஐவரைக் கொண்ட தண்டர் படைப்பிரிவின் கதை, ஒருவர் முகமும் மனத்தில் பதியாமல் ஓடி மறைகிறது. தலைமைப் பகைவனான வார்லார்ட் முகமூடிக்கு அப்பால் ஆளாக உருப்பெறவில்லை. அவனினும், எஃகுக் கவசம் பூண்டு டைனமோவை எதிர்ப்பதோடு அவனிடம் மயங்கவும் செய்கிற அயர்ன் மெய்டன் தொடரில் பிற்பாடு அதிகமாக நினைவில் நிற்கிறாள். பல கைகள் வரைந்ததால் நேரும் ஏற்ற இறக்கத்தை, பென்சில் கோடுகளுக்கு மையால் இறுதி வடிவம் தரும் 'இங்கிங்' பணியின் வழியே வுட் ஓரளவுக்கே சமன்செய்ய முடிந்தது.

ஆபத்தைச் சொல்லால் மட்டும் காட்டாமல், ஏழாம் இதழில் மென்தாரைச் சாகவிட்டது இத்தொடர். சூப்பர் ஹீரோக்கள் சாவதென்பது அக்காலத்தில் அரிது. பெருநிறுவனங்களோடு போட்டியிட்ட டவர், 1969இல் இருபதாம் இதழோடு தொடரை முடித்துக்கொண்டது. வுட்டுக்கு அங்கே கிட்டியது வரையும் சுதந்திரமே அன்றி, பாத்திரங்களின் உரிமை அன்று. 1980களில் அவ்வுரிமை யாருடையது என்று வழக்கு நடந்தபோது அவர் உயிரோடு இல்லை. ஆனால் 'தண்டர் ஏஜென்ட்ஸ்' நடந்துகொண்டிருந்த 1966ஆம் ஆண்டிலேயே, படைப்புரிமை படைத்தவரிடமே இருக்கும் என்ற ஏற்பாட்டுடன் 'விட்ஸெண்ட்' என்ற இதழை அவர் தாமே வெளியிடத் தொடங்கியிருந்தார்.