சமயப் பாடமும் நன்னெறித் தேர்வும்



லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் தமிழ்ப்பள்ளியை முடித்த பிள்ளை, ரிங்லெட்டிலோ தானா ராத்தாவிலோ உள்ள இடைநிலைப் பள்ளிக்குப் போகிறது. அங்கே வாரத்தில் சில பாடவேளைகளில் வகுப்பு இரண்டாகப் பிரிகிறது. இஸ்லாமிய மாணவர்கள் இஸ்லாமியக் கல்விக்குப் போகிறார்கள். மற்ற மாணவர்கள் எல்லாரும் நன்னெறிக் கல்விக்குப் போகிறார்கள். ஐந்தாம் படிவத்தில் இரு பிரிவினரும் தத்தம் பாடத்தில் எஸ்.பி.எம். தேர்வு எழுதுகிறார்கள்.

இதைக் காணும் பெற்றோர் சிலர், "நம் சமயத்துக்குப் பள்ளியில் பாடம் ஏன் இல்லை? நன்னெறி என்பது சமயந்தானா? நல்ல குணத்துக்கும் சோதனை வைக்க முடியுமா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விகள்தாம். இவற்றுக்கு விடை காண, இந்த ஏற்பாடு எப்படி உருவாயிற்று என்பதை நாம் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

வெள்ளையர் ஆட்சி மலாய் மாநிலங்களில் கால் ஊன்றிய காலத்திலிருந்தே தொடங்குவோம். 1874-ஆம் ஆண்டு பங்கோர் உடன்படிக்கையின்படி, ஆங்கிலேய ரெசிடெண்டின் ஆலோசனை மற்ற எல்லா விஷயங்களிலும் செல்லும். மலாய்க்காரர்களின் சமயத்திலும் வழக்கத்திலும் மட்டும் செல்லாது. பட்டணங்களில் கிறிஸ்தவ மிஷன்கள் நடத்திய ஆங்கிலப் பள்ளிகளில் விவிலியம் கற்பிக்கப்பட்டது. ஆக, மலாய்ப் பிள்ளைகளுக்கு ஒரு வழியும் மிஷன் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு வழியும் இருந்தன.

தோட்டத்துப் பிள்ளைகளின் நிலை என்ன? பகாங்கும் சேர்ந்திருந்த ஐக்கிய மலாய் மாநிலங்களில் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்று விதித்தது. கேமரன் மலையில் தேயிலை வந்தது அதற்குப் பின்னர்தான். ஜே. ஏ. ரஸ்ஸல் 1929-இல் போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் பாரத் நிறுவனம் பிறந்தது. காடு வெட்டிச் செடி நட்ட நம் முன்னோர், லயத்துக்குப் பக்கத்தில் கோயிலையும் எழுப்பினார்கள். தோட்டப் பள்ளியில் எழுத்தும் கணக்கும் நீதி நூலும் படித்த பிள்ளைகள், சாமி கும்பிடும் முறையையும் விரதத்தையும் கோயிலிலும் வீட்டிலும் கற்றார்கள். சமயத்துக்கென்று பாடநூலும் இல்லை, சோதனையும் இல்லை. அன்று அதை யாரும் குறையாக எண்ணவில்லை.

1957-இல் நாடு விடுதலை பெற்றது. அரசியலமைப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, இஸ்லாம் கூட்டரசின் சமயம் என்றும், பிற சமயங்களை அமைதியோடும் இணக்கத்தோடும் பின்பற்றலாம் என்றும் கூறியது. 12-ஆம் பிரிவு, தன் சமயம் அல்லாத வேறொரு சமயப் போதனையைப் பெறும்படியோ அதன் சடங்கில் கலந்துகொள்ளும்படியோ யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் சமயத்தைத் தீர்மானிப்பவர் பெற்றோர் அல்லது பாதுகாவலர் என்பதும் அதே பிரிவில் உள்ளது.

அடுத்து வந்தது 1961-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். அரசாங்க உதவி பெறும் பள்ளியில் இஸ்லாமிய மாணவர்கள் 15 பேருக்குக் குறையாமல் இருந்தால், அவர்களுக்கு வாரத்தில் இரண்டு மணி நேரமாவது சமயக் கல்வி அளிக்க வேண்டும் என்று அது விதித்தது. பின்னர் 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இந்த எண்ணிக்கை 5 ஆகக் குறைந்தது. மற்றச் சமயங்களைப் பற்றியும் சட்டம் பேசாமல் விடவில்லை. உதவி பெறும் பள்ளியின் நிர்வாகம் விரும்பினால் பிற சமயத்தைக் கற்பிக்கலாம். ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. அதற்கு நாடாளுமன்றம் ஒதுக்கும் பணத்தைச் செலவிடக் கூடாது. பெற்றோர் எழுத்து மூலம் சம்மதித்தால் ஒழிய, எந்தப் பிள்ளையும் தன் சமயம் அல்லாத பாடத்தில் உட்காரக் கூடாது.

இதன் பொருளை நாம் நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டும். சட்டம் கதவைச் சாத்தவில்லை. ஆனால் ஆசிரியருக்குச் சம்பளமும் பாடநூலும் யார் தருவது என்ற கேள்வியை அது சமூகத்திடமே விட்டுவிட்டது. பட்டணத்து மிஷன்களிடம் கட்டடமும் பணமும் படித்த ஆட்களும் இருந்தன. நாள் சம்பளத்தில் வாழ்ந்த தோட்டத்து மக்களிடம் அவை இல்லை. விவிலிய அறிவு எஸ்.பி.எம். தேர்வில் விருப்பப் பாடமாக இடம் பெற்றிருக்க, இந்து சமயத்துக்கு அப்படி ஒரு தேர்வுப் பாடம் இல்லாமல் இருப்பதை இந்தப் பின்னணியில் வைத்தே பார்க்க வேண்டும்.

1969-ஆம் ஆண்டு மே மாதக் கலவரம் நாட்டை உலுக்கியது. 1970 ஆகஸ்டு 31-இல் ருக்குன் நெகாரா அறிவிக்கப்பட்டது. அதன் முதற் கோட்பாடு இறைவன் மீது நம்பிக்கை வைத்தல். பல இனப் பிள்ளைகளுக்குப் பொதுவான ஒழுக்க அடிப்படை வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. 1974-இல், அப்போது கல்வி அமைச்சராக இருந்த டாக்டர் மகாதீர் தலைமையில் அமைச்சரவைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. அதன் அறிக்கை 1979-இல் வெளிவந்தது. இஸ்லாமிய மாணவர்கள் சமயம் படிக்கும் நேரத்தில் மற்ற மாணவர்களுக்கு நன்னெறிக் கல்வி அளிக்க வேண்டும் என்ற பரிந்துரை அதில் இருந்தது.

1983-இல் தொடக்கப் பள்ளிகளுக்குப் புதிய பாடத்திட்டம் வந்தபோது நன்னெறிக் கல்வியும் வந்தது. 1989-இல் ஒருங்கிணைந்த பாடத்திட்டத்தோடு இடைநிலைப் பள்ளிக்குள்ளும் அது நுழைந்தது. அந்த ஆண்டு முதலாம் படிவம் ஏறியவர்கள் 1993-இல் ஐந்தாம் படிவத்தை எட்டினார்கள். அந்த ஆண்டுதான் நன்னெறிக் கல்வி முதன்முறையாக எஸ்.பி.எம். தேர்வில் இடம் பெற்றது.

இங்கே நம் பிள்ளைகளைப் பற்றி ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு படித்துவிட்டுப் புகுமுக வகுப்பு வழியாக 1989-இல் முதலாம் படிவத்தில் சேர்ந்த பிள்ளை, 1982-இல் முதலாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளை. புதிய பாடத்திட்டம் எல்லாப் பள்ளிகளுக்கும் வந்தது அதற்கு அடுத்த ஆண்டுதான். ஆகவே முதல் தேர்வை எழுதிய அந்தப் பிள்ளைகளில் பலர், தொடக்கப் பள்ளியில் இந்தப் பாடத்தையே படிக்காதவர்கள். பின்னால் வந்த பிள்ளைகளுக்கு வேறு ஒரு தொல்லை உண்டாயிற்று. தமிழ்ப்பள்ளியில் நன்னெறியைத் தமிழில் படித்தவர்கள், இடைநிலைப் பள்ளியில் அதையே மலாய்மொழியில் படிக்க வேண்டியிருந்தது. நன்றி, நேர்மை, பரிவு என்று தமிழில் அறிந்த குணங்களுக்கு மலாய்மொழியில் புதிதாகப் பெயரும் விளக்கமும் கற்றார்கள்.

தேர்வு வந்ததும் பாடத்தின் முகமே மாறிற்று. 1989-ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் 16 நெறிகள் இருந்தன. 2000-க்குப் பின் வந்த திருத்தத்தில் அவை ஏழு துறைகளில் 36 நெறிகளாகப் பெருகின. அவற்றின் பெயரையும் விளக்கத்தையும் வார்த்தை பிசகாமல் எழுதினால்தான் புள்ளி என்ற நிலை வந்தது. பிள்ளைகள் கிளிப்பிள்ளை போல ஒப்பித்தார்கள். அன்பு என்ற சொல்லுக்கு விளக்கத்தை மறந்த பிள்ளை புள்ளி இழந்தது. வீட்டில் பாட்டிக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்த பிள்ளைக்கு அதற்காகப் புள்ளி கிடைக்கவில்லை. ஆசிரியர்களும் அறிஞர்களும் இதைக் குறைகூறினார்கள். எழுத்துத் தேர்வோடு சமூகத் தொண்டுச் செயல்திட்டமும் சேர்ந்தது. 2017-இல் முதலாம் படிவத்தில் தொடங்கிய புதிய பாடத்திட்டத்தின்படி 2021-ஆம் ஆண்டு எஸ்.பி.எம். முதன்முறையாக நடந்தது. ஒரு சூழலைக் கொடுத்து, "நீ என்ன செய்வாய்? ஏன்?" என்று கேட்கும் முறைக்கு இதில் கூடுதல் இடம் உண்டு. மனப்பாடம் மட்டுமே போதும் என்ற காலம் போய்விட்டது.

அண்டை நாடுகள் என்ன செய்தன என்பதையும் பார்ப்போம். சிங்கப்பூரில் 1982-இல் கோ கெங் சுவீ ஒரு திட்டத்தை அறிவித்தார். 1984 முதல் இடைநிலை மூன்றாம் நான்காம் வகுப்புகளில் சமய அறிவு கட்டாயப் பாடம் ஆயிற்று. விவிலியம், பௌத்தம், இந்து சமயம், இஸ்லாம், கன்பூசிய நெறி ஆகியவற்றில் ஒன்றைப் பிள்ளை தேர்ந்தெடுக்கலாம். பின்னர் சீக்கிய சமயமும் சேர்க்கப்பட்டது. நம் உறவினர் பிள்ளைகள் அங்கே இந்து சமயத்தைப் பாடமாகப் படித்துத் தேர்வும் எழுதினார்கள்.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1989 அக்டோபரில் அந்தக் கட்டாயம் நீக்கப்படும் என்று அரசாங்கம் அறிவித்தது. சமயப் பற்று மிகுந்து, மதம் பரப்பும் முயற்சிகளும் வளர்ந்துவரும் காலத்தில், பள்ளியே பிள்ளைகளைச் சமயவாரியாகப் பிரிப்பது நல்லிணக்கத்துக்கு உதவாது என்ற கவலை எழுந்ததே காரணம். 1992-இல் குடிமையும் நன்னெறியும் சேர்ந்த பொதுப்பாடம் அங்கே வந்தது.

இலங்கை வேறு வழியில் போயிற்று. அங்கே க.பொ.த. சாதாரண தரத் தேர்வில் சமயம் ஒரு கட்டாயப் பாடம். பிள்ளை எந்தச் சமயமோ அதையே படிக்கலாம். நம்மைப் போலவே தேயிலை பறிக்கும் மலையகத் தமிழரின் பிள்ளைகள், சைவநெறியைத் தமிழ்ப் பாடநூலில் படித்துத் தமிழிலேயே தேர்வு எழுதுகிறார்கள். பாடநூலும் ஆசிரியரும் அரசாங்கப் பொறுப்பு. ஆனால் சமயம் தேர்வானதும், அங்கேயும் குருபூசை நாளும் பெயர்ப்பட்டியலும் மனப்பாடம் செய்யும் வேலை வந்துவிடுகிறது.

ஆக, எந்த ஏற்பாட்டிலும் ஒரு நன்மையும் உண்டு, ஓர் இழப்பும் உண்டு. சமயத்தைப் பள்ளிக்குள் கொண்டுவந்தால் அறிவு வளரும், வகுப்பு பிரியும். பொதுவான நன்னெறியை வைத்தால் பல பிள்ளைகள் ஒன்றாக உட்காரலாம். ஆனால் தேவாரம் கற்பிக்கும் பொறுப்பு நம் தலையில் விழும். நம் நாட்டில் நடந்தது இந்த இரண்டாவதுதான், அதுவும் பாதி அளவில். வகுப்பும் பிரிகிறது, நம் பொறுப்பும் குறையவில்லை.

எனவே நாம் செய்யக்கூடியவை என்ன?

முதலாவதாக, நன்னெறிக் கல்வியை ஏளனமாக எண்ண வேண்டாம். அது எஸ்.பி.எம். தேர்வில் கட்டாயப் பாடம். அதில் கிடைக்கும் நல்ல புள்ளி சான்றிதழில் நிற்கும். பிள்ளை மலாய்மொழியில் படித்த நெறியை, இரவுச் சாப்பாட்டு நேரத்தில் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்போம். "இன்றைக்கு என்ன படித்தாய்?" என்று ஒரு தாய் கேட்பதற்கு மலாய்மொழி தெரிய வேண்டியதில்லை.

இரண்டாவதாக, சமயக் கல்வியைக் கோயிலில் முறையாக நடத்துவோம். 1965-இல் தோன்றிய மலேசிய இந்து சங்கம் சமய வகுப்புகளையும் திருமுறை ஓதும் போட்டிகளையும் நடத்தி வருகிறது. திருவிழாவுக்கு வசூலிக்கும் பணத்தில் ஒரு பங்கை வாராந்திர வகுப்புக்கு ஒதுக்கினால், ஆண்டுக்கு ஒருநாள் எரியும் விளக்கு ஆண்டு முழுதும் எரியும். தேவாலயம் செல்லும் நம் கிறிஸ்தவக் குடும்பங்கள் ஞாயிறு வகுப்பை எவ்வளவு ஒழுங்காக நடத்துகிறார்கள் என்பதை நாம் அருகிலேயே காணலாம்.

மூன்றாவதாக, தமிழை விட்டுவிட வேண்டாம். 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, இடைநிலைப் பள்ளியில் 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் படிக்க வசதி செய்ய வேண்டும். தனியாகக் கேட்டால் ஒரு குரல், பதினைந்து பேர் கையெழுத்திட்டால் அது சட்டம் மதிக்கும் கோரிக்கை. நம் சமய நூல்கள் தமிழில் இருக்கின்றன. பதின்மூன்று வயதில் தமிழ் எழுத்தை விட்ட பிள்ளைக்கு, பிறகு எத்தனை சமய வகுப்பு வைத்தாலும் ஏடு திறக்காது.

தேர்வு வாரியம் ஒரு பிள்ளைக்கு எத்தனை நெறி தெரியும் என்று எண்ணிப் பார்க்கலாம். அந்தப் பிள்ளை எப்படி வாழ்கிறது என்பதை லயத்து அயலார்தாம் அறிவார்கள். தேர்வுக்கு வேண்டியதைப் பள்ளி கற்பிக்கட்டும். வாழ்வுக்கு வேண்டியதை வீடும் கோயிலும் கற்பிக்கட்டும். அடுத்த பள்ளித் தவணை தொடங்குமுன், தமிழ் வகுப்புக்கான அந்தப் பதினைந்து கையெழுத்துகளைத் திரட்டும் வேலையை நம் தோட்டங்களில் தொடங்குவோமாக.