தன்மைப் பன்மையும் போர்க்கவிதையும்: ஒரு மொழிபெயர்ப்பின் வரலாறு

பழம்போர்ப் பாடல்கள் பிற்காலப் போர்களின் உணர்வுக்கும் குரலாக அமைவதை உலக இலக்கியங்கள் பலவற்றிற் காணலாம். மாந்தர் துயரம் எக்காலத்தும் ஒன்றே எனக் கூறி இதனை விளக்குவர். அவ்விளக்கம் மொழியின் பங்கினைக் கருத்திற்கொள்வதில்லை. சீனப் பாடலொன்று முதல் உலகப் போரின் பதுங்குகுழியைச் சென்றடைந்த வரலாற்றின் வழி அப்பங்கினைச் சுட்ட இக்கட்டுரை முற்படுகிறது.

சீனத்தின் தொன்மையான தொகைநூலாகிய 'ஷிச்சிங்' 305 பாடல்களைக் கொண்டது. அதன் 167ஆம் பாடல், 'சியன்யுன்' என்னும் வடபுலப் பகைவரை எதிர்த்து எல்லையிற் காவலிருக்கும் வீரர் கூற்றாகும். காட்டுச்செடியின் தளிரைப் பறிக்கும் அவர்கள், ஆண்டு முடியும் காலத்தும் வீடு திரும்ப இயலாது வருந்துகின்றனர். அமெரிக்க அறிஞர் எர்னஸ்ட் ஃபெனலோசா ஜப்பானிய ஆசிரியர்களிடம் சீனக் கவிதைகளைப் பாடங்கேட்டு எழுதிய குறிப்புகள், அவர் 1908இல் மறைந்தபின், 1913இல் எஸ்ரா பவுண்டைச் சேர்ந்தன. அப்போது சீனமொழி அறியாதிருந்த பவுண்டு அவற்றின் துணைகொண்டு இப்பாடலை ஆங்கிலத்தில் ஆக்கினார். 1915இல் வெளிவந்த 'கத்தே' என்னும் தொகுப்பின் முதற்பாடல் இதுவே.

நூல் வெளிவருமுன், 1914ஆம் ஆண்டின் இறுதியிலேயே, பிரெஞ்சுப் படையிற் போரிட்டுக்கொண்டிருந்த தம் நண்பரும் சிற்பியுமான ஆன்றி கோடியே-பிரெஸ்காவுக்குப் பவுண்டு இம்மொழிபெயர்ப்பை அனுப்பினார். அது தங்கள் நிலையையே காட்டுவதாக அவர் மறுமொழி எழுதினார். உடனிருந்த வீரர்க்கு ஊக்கமூட்ட அதனைப் பயன்படுத்துவதாகவும் மற்றொரு நண்பருக்குத் தெரிவித்தார். 1915 சூன் 5இல், தம் 23ஆம் அகவையில், அவர் களத்தில் வீழ்ந்தார்.

இப்பாடலின் தொடக்க அடிகளில் எழுவாய் வெளிப்படையாக இல்லை. பின்னர் வரும் தன்மைச்சொல் ஒருமைக்கும் பன்மைக்கும் பொது. வினைகள் காலங்காட்டும் விகுதி பெறுவதில்லை. பவுண்டு தன்மைப் பன்மையைத் தெரிந்துகொண்டார். ஆங்கிலத்தின் தன்மைப் பன்மை, கேட்போர் அதனுள் அடங்குவரா அல்லரா என்பதைக் காட்டாது. தமிழில் மொழிபெயர்ப்போர் அவ்வாறு விட்டுவிட இயலாது; 'நாம்', 'நாங்கள்' ஆகிய இரண்டனுள் ஒன்றைத் தெரிந்தாக வேண்டும்.

வில்லோ மரங்கள் தழைத்த பருவத்திற் சென்று பனி பொழியும் பருவத்தில் மீள்வதைக் கூறும் இறுதிப்பகுதி, இத்துயரை அறிவார் எவருமிலர் என முடிகிறது. கேட்போரையும் உளப்படுத்தும் 'நாம்' இம்முடிவோடு முரண்படும். ஆதலின் 'நாங்கள்' என்பதே பொருத்தமுடையது.

இதற்குத் தமிழிலேயே சான்றுண்டு. தந்தையையும் குன்றையும் இழந்த பாரி மகளிர் பாடிய புறநானூற்று 112ஆம் பாடலும் அன்றைய நிலையையும் இன்றைய நிலையையும் எதிரெதிர் நிறுத்துகிறது. அதில் முன்னிலையாரை உளப்படுத்தாத 'ஏம்' என்னும் தன்மைப் பன்மை விகுதி வந்துள்ளது. இழப்பு அவ்விருவர்க்கே உரியது. கேட்போர்க்கு அதில் இடமில்லை. எனினும் பின்வந்தோர் அதனைத் தம் இழப்பாகவே கேட்டு வந்துள்ளனர்.

எனவே, பழம்பாடலைத் தம் காலத்துக்குப் பொருந்தச் செய்வதாக எண்ணி மொழிபெயர்ப்பாளர் கேட்போரை அதனுள் இழுத்துக்கொள்ள வேண்டுவதில்லை. அப்பாடலின் 'நாங்கள்' அவ்வாறே நிற்கட்டும். பதுங்குகுழியில் இருந்தோர் அதனைத் தம் நிலையாகக் கண்டபோது, அதனை 'நாம்' ஆக்கியவர்கள் அவர்களே.